வில்லி பிரவுன்: எண்பது பேரை எண்ணத் தெரிந்த சபாநாயகர்

"ஒரு மாநிலச் சபாநாயகருக்கு அப்படி என்ன அதிகாரம் இருந்துவிட முடியும்? வில்லி பிரவுன் என்கிற ஒரே ஆளை வெளியேற்றத்தான் கலிபோர்னியாவில் பதவிக்கால வரம்பு கொண்டுவந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் உண்மை. முதல் கேள்விக்கு அவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். சபாநாயகர் என்றதும் கட்சி வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்து அவையை நடத்துபவர் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் அவர் ஆளும் தரப்பின் தலைவர், வெளிப்படையாகவே. கலிபோர்னியாவின் கீழவையான அசெம்பிளியில் 80 உறுப்பினர்கள். முழு அவையும் வந்திருந்தால் 41 வாக்கு திரட்டுபவர் சபாநாயகர். எந்தக் குழுவுக்கு யார் தலைவர், யாருக்கு எத்தனை உதவியாளர்கள், யாருக்குப் பெரிய அறை, யாருக்குப் பொந்து போன்ற அறை என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். ஒரு மசோதா பிழைக்குமா, குழுவிலேயே புதைந்துபோகுமா என்பதும் அநேகமாக அவர் கையில். ஆளுநர் அங்கே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர், மசோதாவை நிராகரிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆனால் மசோதா அவர் மேசைக்கு வந்து சேர்ந்தால்தானே? அந்த வழியில் உட்கார்ந்திருப்பவர் சபாநாயகர். அந்த நாற்காலியில் 1980 டிசம்பர் முதல் 1995 ஜூன் வரை, பதினான்கரை ஆண்டுகள், வில்லி பிரவுன் இருந்தார். அவருக்கு முன்னும் பின்னும் வேறு யாரும் அவ்வளவு காலம் அங்கே தாக்குப்பிடித்ததில்லை. அந்த மாநிலத்தில் சபாநாயகரான முதல் கறுப்பினத்தவரும் அவர்தான்.

அவர் பிறந்தது 1934-இல், கிழக்கு டெக்சாஸில் மினியோலா என்ற சிற்றூரில். கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனி வாசல், தனி வாழ்க்கை என்றிருந்த காலம். அம்மா டாலஸ் நகரத்தில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தார். பிள்ளைகளை வளர்த்தது பாட்டி. சிறுவன் வில்லி ஷூ துடைத்தான், கூட்டிப் பெருக்கினான், வயலில் கூலிக்குப் போனான். 1951-இல் பள்ளியை முடித்த கையோடு 17 வயதில் சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயிலேறினார். அங்கே இருந்த தாய்மாமன் சூதாட்டத்தில் பிழைப்பு நடத்தியவர், நன்றாக உடுத்துபவர். பிற்காலத்தில் பிரவுன் போட்ட இத்தாலியக் கோட்டுகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அந்த ஆசைக்கு விதை அந்த மாமன்தான். காவலாளி வேலையும் துப்புரவு வேலையும் பார்த்தபடியே கல்லூரி முடித்து, 1958-இல் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியிலிருந்து வழக்கறிஞராக வெளியே வந்தார். பெரிய நிறுவனங்கள் எதுவும் ஒரு கறுப்பின இளைஞனைச் சேர்த்துக்கொள்ளாத நாட்கள் அவை. வேறு யாரும் எடுக்காத சில்லறை வழக்குகள்தான் அவரிடம் வந்தன.

ஊருக்கு அவர் பெயர் தெரிந்தது 1961-இல். ஃபாரஸ்ட் நோல்ஸ் என்ற புதிய குடியிருப்பில் ஒரு மாதிரி வீட்டைப் பார்க்க மனைவியோடு போனார். அவர்களைக் கண்டதும் விற்பனையாளர்கள் கதவடைத்துக்கொண்டு நழுவிவிட்டார்கள். பிரவுன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்; போராட்டமாக அது வளர்ந்தது. அடுத்த ஆண்டே அசெம்பிளிக்குப் போட்டியிட்டு, தன் ஜனநாயகக் கட்சியின் பழைய உறுப்பினரிடம் சுமார் 600 வாக்குகளில் தோற்றார். 1964-இல் அதே ஆளை வீழ்த்தி மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போனார்.

அப்போது அங்கே சபாநாயகர் ஜெஸ்ஸி அன்ரூ. "பணம் அரசியலின் தாய்ப்பால்" என்று சொன்ன அதே அன்ரூ. லாபியிஸ்டுகளிடமிருந்து (நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சாதகமாகச் சட்டமன்றத்தில் ஆள்பிடிப்பவர்கள்) நிதி திரட்டி, தன் பக்கம் நிற்கும் உறுப்பினர்களின் தேர்தல் செலவுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அதன் மூலம் அவையைப் பிடியில் வைத்துக்கொள்ளும் முறையை அங்கே உருவாக்கியவர் அவர். 1966-இல் அரசியலமைப்பையே திருத்தி, பகுதிநேரச் சட்டமன்றத்தை முழுநேரமாக்கி, உறுப்பினர் சம்பளத்தை ஆண்டுக்கு 6,000 டாலரிலிருந்து 16,000 டாலராக உயர்த்தியதும் அவர்தான். இதெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. முழுநேர அரசியல்வாதி, தொழில் தெரிந்த உதவியாளர் படை, பணம் திரட்டும் சபாநாயகர் என்ற மூன்றும் சேர்ந்த இயந்திரத்தை அன்ரூ கட்டினார். அவருக்கே எதிராக முதல் நாளில் வாக்களித்து உள்ளே வந்த பிரவுன்தான் பின்னாளில் அதை முழு வேகத்தில் ஓட்டியவர்.

1971-இல் நிதிக்குழுத் தலைவர், 1972-இல் கட்சியின் மயாமி பீச் தேசிய மாநாட்டில் "என் பிரதிநிதிகளைத் திருப்பிக் கொடுங்கள்" என்று நாடே பார்க்க முழங்கியவர் என்று ஏறுமுகமாகப் போய்க்கொண்டிருந்தார். 1974-இல் சபாநாயகர் பதவி காலியானபோது அது தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். கிடைத்தது லியோ மெக்கார்த்திக்கு. பிரவுனுக்குப் போடுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்த கறுப்பின, லத்தீனோ உறுப்பினர்களில் சிலரே மெக்கார்த்தி பக்கம் போய்விட்டார்கள். புத்திசாலித்தனத்திலும் பேச்சிலும் அவையில் அவருக்கு இணையில்லை, ஆனால் எதிரில் இருப்பவரை வெடுக்கென்று மட்டம்தட்டும் வழக்கம் இருந்தது. அவசரம் வேறு. வென்றவர் பிரவுனை ஓரங்கட்டினார். பதவி போனது, அறை சுருங்கியது.

இந்தத் தோல்விதான் அவர் வாழ்க்கையின் திருப்புமுனை என்பது என் கருத்து. அடுத்த ஆறு ஆண்டுகளில் அவர் வேறு ஆளாக மாறினார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். ஒருவருக்கு நீர்ப்பாசனக் குழு வேண்டும், ஒருவருக்குத் தொகுதியில் ஒரு கல்லூரிக் கட்டடம் வேண்டும், ஒருவருக்கு மனைவியின் மருத்துவமனை நாட்களில் வாக்கெடுப்பு தள்ளிப்போக வேண்டும். கட்சி பேதமில்லாமல் எண்பது பேரைப் பற்றியும் இப்படி ஒரு கணக்கு அவர் மனதில் சேர்ந்துகொண்டே போனது.

அந்த ஒதுக்கப்பட்ட காலத்திலேயே ஒரு பெரிய வேலையையும் செய்து முடித்தார். வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சொல்லும் மசோதா. ஒருபாலீர்ப்பினர் தலைமேல் தொங்கிய சட்டத்தை நீக்குவது. 1969-இலிருந்து ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கொண்டுவருவார், தோற்பார், மறுபடி கொண்டுவருவார். 1975-இல் அசெம்பிளியில் தேறி மேலவைக்குப் போனபோது 20-க்கு 20 என்று நின்றது. சமநிலையை உடைக்க வேண்டிய துணைநிலை ஆளுநர் மெர்வின் டைமலி அன்றைக்கு டென்வரில் இருந்தார். மேலவையில் பிரவுனின் நண்பர் ஜார்ஜ் மாஸ்கோனி உறுப்பினர்கள் யாரும் வெளியேற முடியாதபடி அவையைப் பூட்டி வைக்க, டைமலி விமானத்தில் வந்து இறங்கி வாக்களித்தார். மசோதா சட்டமானது. வாக்குச் சேராத மசோதாவை ஆறு வருடம் தோளில் சுமப்பதில் அரசியல் லாபம் எதுவும் கிடையாது. பிரவுனைக் குறைகூறுபவர்கள் இதை அநேகமாகச் சொல்வதில்லை.

1980-இல் வாய்ப்பு மறுபடி வந்தது, யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே மெக்கார்த்திக்கும் ஹோவர்ட் பெர்மனுக்கும் ஓராண்டு குடுமிப்பிடிச் சண்டை. பெர்மன் கை ஓங்கியது. கட்சிக்குள் அவருக்குத்தான் பெரும்பான்மை. பிரவுன் பக்கம் இருந்தவர்கள் 23 பேர். அதை வைத்துக்கொண்டு 41-க்குப் போக முடியாது. எனவே எதிர்க்கட்சியிடம் போனார். குடியரசுக் கட்சித் தலைவர் கேரல் ஹாலெட்டிடம் பேசினார்: எனக்கு வாக்களித்தால் உங்களுக்குக் குழுத் தலைமைகள் உண்டு, போதிய உதவியாளர்கள் உண்டு, உங்களை நியாயமாக நடத்துவேன். அவர்களுக்கோ பெர்மன் வந்தால் தங்களை ஒழித்துக்கட்டிவிடுவார் என்ற பயம். டிசம்பர் 1-ஆம் தேதி வாக்கெடுப்பில் பிரவுனுக்கு 51 விழுந்தது. அதில் 28 குடியரசுக் கட்சியினுடையது. கலிபோர்னியாவின் இடதுசாரிக் கோட்டையான சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கறுப்பின வழக்கறிஞர், பழமைவாதக் கட்சியின் வாக்குகளில் சபாநாயகர் ஆனார்.

(அந்த வாக்குகளைப் போட்டவர்களுக்கு அடுத்த ஆண்டே கசந்தது. 1981 தொகுதி மறுவரையறையில் ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்து, 1982-இல் அந்த வரைபடங்களை மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள்.)

அதற்குப் பிறகு அவர் பிடி இறுகியது. தன்னை "அசெம்பிளியின் அயத்துல்லா" என்று அவரே ஒருமுறை சொல்லிக்கொண்டார். ஆனால் மிரட்டல் மட்டும் பதினான்கு ஆண்டுகளுக்குப் போதாது. உறுப்பினர்களுக்கு ஆபத்தான, தொகுதியில் கெட்ட பெயர் தரும் வாக்கெடுப்புகளில் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு அவர்களைக் காப்பாற்றினார். தேர்தல் நேரத்தில் பணம் அனுப்பினார். வீட்டில் துக்கமென்றால் முதல் தொலைபேசி அழைப்பு அவரிடமிருந்து வரும். 1987, 88-இல் அவர் கட்சியிலேயே கேரி காண்டிட் உள்ளிட்ட ஐந்து இளம் உறுப்பினர்கள் கலகம் செய்தபோது அவர்களின் குழுப் பதவிகளைப் பறித்தார், அறைகளை மாற்றினார். கலகம் அடங்கியதும் படிப்படியாக எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

இந்த அதிகாரம் நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு 1987 செப்டம்பர் இரவு ஒன்று போதும். சட்டமன்றத்துக்குச் சில தெரு தள்ளி ஃபிராங்க் ஃபேட்ஸ் என்ற சீன உணவகம். ஆண்டின் கூட்டத்தொடர் முடியும் தறுவாய். மாடியில் வழக்கறிஞர்கள் சங்கம், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவர்கள், உற்பத்தியாளர்கள் ஆகியோரின் லாபியிஸ்டுகள் கூடியிருந்தார்கள். இழப்பீட்டு வழக்குகள் பற்றி இவர்கள் வருடக்கணக்காக அடித்துக்கொண்டவர்கள். அன்றிரவு பிரவுனும் மேலவையின் பில் லாக்யரும் அவர்களை ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உணவகத்தின் துணி நாப்கின் ஒன்றில் லாக்யர் அம்சங்களை எழுதினார். வழக்கறிஞர்களுக்கு மருத்துவ அலட்சிய வழக்குகளில் கூடுதல் கட்டணம், மருத்துவர்களுக்கு ஏற்கெனவே இருந்த இழப்பீட்டு உச்சவரம்பு தொடரும், காப்பீட்டுக்காரர்களுக்குப் புதிய கட்டுப்பாடு கிடையாது, ஐந்தாண்டுக்கு யாரும் யாரையும் சீண்டக்கூடாது. உற்பத்தியாளர்களுக்கு என்ன? இயல்பிலேயே தீங்கானவை என்று எல்லோருக்கும் தெரிந்த பொருட்களுக்காக உற்பத்தியாளர் மேல் வழக்குப் போட முடியாது. சட்டத்தில் உதாரணமாகக் கொடுத்த பட்டியல் இது: சர்க்கரை, விளக்கெண்ணெய், மது, புகையிலை, வெண்ணெய்.

விளக்கெண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் நடுவே புகையிலையை உட்காரவைத்த அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பொது விசாரணை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாமல், ஓரிரு நாளில் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. புகையிலை நிறுவனங்களுக்கு எதிராக நோயாளிகள் நீதிமன்றம் போவதை அது பத்தாண்டுகள் தடுத்தது. 1997-இல்தான் சட்டமன்றம் அந்தப் பாதுகாப்பை விலக்கியது. இடைப்பட்ட பத்தாண்டு நடத்தைக்கு அந்தப் பாதுகாப்பு செல்லும் என்று 2002-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் புகையிலை நிறுவனங்களிடம் அதிக நன்கொடை வாங்கியவர்கள் வரிசையில் பிரவுன் பெயர் முன்னால் இருந்தது. எதிரிகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் அவருடைய திறமையை அங்கே வியக்கிறார்கள். அந்த மேசையில் நோயாளிக்கு நாற்காலி இல்லை. காப்பீட்டுக்காரர்களின் பங்கும் நிலைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்: அடுத்த ஆண்டே, 1988-இல், மக்கள் நேரடி வாக்கெடுப்பில் காப்பீட்டுக் கட்டணக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதே கை, சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கும் சட்டத்தையும் எழுதியது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு தொழில் செய்யும் நிறுவனங்களில் மாநில ஓய்வூதிய நிதியை வைக்கக்கூடாது என்று 1986-இல் மாக்சின் வாட்டர்ஸ் கொண்டுவந்த சட்டத்துக்குப் பின்னாலும் நின்றது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை எடைபோட எனக்கு மனமில்லை.

1988 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சட்டமன்ற அலுவலகங்களுக்குள் சோதனைக்குப் புகுந்தார்கள். இறால் பதப்படுத்தும் போலி நிறுவனம் ஒன்றை அவர்களே உருவாக்கி, அதற்குச் சாதகமான மசோதாவுக்கு யார் யார் கைநீட்டுகிறார்கள் என்று பார்த்த பொறி அது. இரு கட்சியிலும் பலர் சிறைக்குப் போனார்கள். பிரவுன் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் சட்டமன்றமே அழுகிவிட்டது என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியது, அந்தச் சட்டமன்றத்தின் முகம் அவர்தான்.

இந்தச் சூழலில்தான் 1990 நவம்பரில் பதவிக்கால வரம்பு கேட்கும் 140-ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்னின்றவர் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (மாவட்டம்) நிர்வாகக் குழுவின் பீட் ஷாபாரம், குடியரசுக் கட்சிக்காரர். அசெம்பிளியில் ஆறு ஆண்டு, மேலவையில் எட்டு ஆண்டு, அதற்குமேல் வாழ்நாளில் நிற்கவே கூடாது. சட்டமன்றச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு. புதிய உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பிரச்சாரத்தில் பிரவுனின் முகம் தவறாமல் வந்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த புறநகர்களில் ஒரு பகட்டான கறுப்பினத் தலைவரின் படத்தைக் காட்டி வாக்குக் கேட்டதில் இனத்தின் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். லஞ்சத்தின் மேல் மக்களுக்கு இருந்த கோபமும் உண்மையானதே. 52 சதவீத வாக்கில் வென்றது. 1991-இல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பிரவுனின் கடைசி நாள் 1996 என்று எழுதியாகிவிட்டது.

அதற்கு முன்பே வாக்காளர்கள் அவரை முடித்துவிட்டதாகத் தோன்றியது. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 41, ஜனநாயகக் கட்சிக்கு 39. கால் நூற்றாண்டில் முதல்முறையாகப் பெரும்பான்மை கைமாறியது. குடியரசுக் கட்சியின் ஜிம் புரூல்டி சபாநாயகர் ஆவது வெறும் சடங்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி பெயர் அழைத்து வாக்கெடுத்தபோது, பால் ஹார்ச்சர் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் தான் இனி சுயேச்சை என்று அறிவித்து "பிரவுன்" என்றார். 40-க்கு 40. அவை ஸ்தம்பித்தது. கட்சி மாறினால் பதவி போகும் என்ற சட்டம் அங்கே கிடையாது. வாரக்கணக்கில் சபாநாயகரே இல்லாமல் கிடந்தது. ஜனவரியில் பிரவுன் தரப்பு அடுத்த காயை நகர்த்தியது. ரிச்சர்ட் மௌண்ட்ஜாய் என்ற குடியரசுக் கட்சிக்காரர் மேலவைக்கும் தேர்வாகியிருந்தார், ஆனால் வாக்கு எண்ணிக்கைக்காக அசெம்பிளி இடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவர் இரண்டு அவையில் இருக்க முடியாது என்று சொல்லி 40-க்கு 39 வாக்கில் அவரை வெளியேற்றினார்கள். அதே 40-க்கு 39-இல் பிரவுன் மறுபடியும் சபாநாயகர்.

ஹார்ச்சரை அவர் தொகுதி மக்கள் திரும்ப அழைத்துப் பதவியைப் பறித்தார்கள். மறுபடி எண்ணிக்கை மாறியது. ஜூனில் பிரவுன் தானாகவே இறங்கி, குடியரசுக் கட்சியின் டோரிஸ் ஆலனை ஜனநாயகக் கட்சியின் 39 வாக்குகளும் ஆலனின் சொந்த வாக்கும் சேர்த்துச் சபாநாயகராக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அவர் கட்சி அவரைத் துரோகி என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரையும் தொகுதி திரும்ப அழைத்தது. குடியரசுக் கட்சி விரும்பிய ஆளான கர்ட் பிரிங்கிள் சபாநாயகர் ஆக 1996 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பான்மை வென்றும் ஓராண்டுக்கு மேல் அதை ஆள முடியாமல் செய்துவிட்டார் பிரவுன். கட்சியைக் காத்த வீரம் என்று இதை அவர் ஆதரவாளர்கள் கொண்டாடுகிறார்கள். ஆலனையும் ஹார்ச்சரையும் நினைத்தால் எனக்கு அவ்வளவு எளிதாகக் கொண்டாட முடியவில்லை. விலை கொடுத்தது அவர்கள் இருவரும்தான்.

பிரவுன் அதற்குள் சான் பிரான்சிஸ்கோ திரும்பி, 1995 டிசம்பரில் மேயராகத் தேர்வாகி, 2004 வரை இரண்டு முறை பதவியில் இருந்தார். பின்னாளில் கலிபோர்னியா ஆளுநரான கேவின் நியூசமுக்கு முதல் பதவி கொடுத்தவர் அவர். தமிழ் வாசகர்கள் பலர் பிரவுன் பெயரைக் கேள்விப்பட்டதே ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் வழியாகத்தான். தொண்ணூறுகளின் நடுவில் இருவரும் பழகினார்கள், சபாநாயகராக இருந்தபோது இரண்டு மாநில வாரியங்களில் அவரை நியமித்தார். 2024 தேர்தல் சமயத்தில் பிரவுனின் அறுபதாண்டு அரசியலை அந்த ஒரு வரிக்குள் அடைத்துப் பேசினார்கள். அது இருவருக்குமே இழைத்த அநீதி.

கடைசியாக, பதவிக்கால வரம்பு பலித்ததா? பிரவுனை வெளியேற்றியது. மற்றபடி நடந்தது வேறு. 1996-இலிருந்து 2004 தொடக்கம் வரை எட்டு ஆண்டுகளில் ஐந்து சபாநாயகர்கள் வந்து போனார்கள். உள்ளே நுழைந்து ஓரிரு ஆண்டில் ஒருவர் குழுத் தலைவராகிவிடுவார். வரவுசெலவுத் திட்டத்தின் சூட்சுமம் பிடிபடும் நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். செலவு வெட்டில் அனுபவமுள்ள உதவியாளர்கள் பெரும் எண்ணிக்கையில் கிளம்பினார்கள், பலர் லாபி நிறுவனங்களில் சேர்ந்தார்கள். போன கூட்டத்தொடரில் என்ன நடந்தது, அதற்கு முந்தையதில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் கட்டடத்தில் லாபியிஸ்ட் மட்டுமே என்ற நிலை வந்தது. ஃபிராங்க் ஃபேட்ஸ் மேசையில் குறைந்தபட்சம் எதிரில் பிரவுன் இருந்தார், அவர்களை விடக் கணக்குத் தெரிந்தவர். பிறகு அந்த நாற்காலியில் புதுமுகம்.

வாக்காளர்களுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 2012-இல் 28-ஆம் முன்மொழிவு மூலம் விதியைத் தளர்த்தினார்கள்: மொத்தம் 12 ஆண்டுகள், அதை முழுக்க ஒரே அவையிலும் கழிக்கலாம். அதன்பின் வந்த ஆண்டனி ரெண்டன் 2016 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் சபாநாயகராக இருக்க முடிந்தது. 12 ஆண்டு வரம்பு இருக்கும்வரை, பதினான்கரை ஆண்டு அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார வழியில்லை.